அலாய் வீல் கறைக்கு எந்த கிளீனர்? பாட்டிலுக்கு முன் வீலின் மேல்பூச்சைப் பாருங்கள்

கேட்கப்பட்டது இதுதான்: வண்டி வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது, அலாய் வீல். வாரம் தவறாமல் ஷாம்பு போட்டுக் கழுவியும் முன்பக்க வீல் இரண்டும் பழுப்பேறிக் கிடக்கின்றன, விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கிறது. ஒருவர் ஆசிட் கிளீனர் அடிக்கச் சொல்கிறார். இன்னொருவர், அடித்ததும் ஊதாவாக மாறுமே, அந்த ஸ்ப்ரேயை வாங்கச் சொல்கிறார். மூன்றாமவர் வீட்டில் இருக்கிற பாத்ரூம் கிளீனரே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மூன்றாமவர் சொன்னதை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். கழிப்பறைக்கு ஊற்றும் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பீங்கான் அதைத் தாங்கும், அலுமினியம் தாங்காது. அலுமினியத்துக்கு இரண்டு பக்கமும் அடி விழும்: அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். அதைக் காப்பாற்றுவது காற்று பட்டதும் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலம்தான். பி.எச். அளவு (அமிலமா காரமா என்று காட்டும் எண், 7 நடுநிலை) ஏறக்குறைய 4-க்கும் 8.5-க்கும் நடுவில் இருக்கும்வரைதான் அந்தப் படலம் நிலைத்து நிற்கும். அதனால் பாத்ரூம் கிளீனர் மட்டுமில்லை, அடுப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் காஸ்டிக் ஸ்ப்ரேயும் வீலுக்கு ஆகாது. எலுமிச்சை, வினிகர், கோலா பானம் என்று சொல்லப்படும் கைவைத்தியங்களும் அமிலங்களே. கோலாவில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம். துருவைக் கொஞ்சம் இளக்கும் என்பது உண்மைதான், ஆனால் சர்க்கரைப் பிசுக்கோடு வந்து வேலையைப் பாதியில் விட்டுவிடும்.

மற்ற இருவரில் யார் சொல்வது சரி என்பதை உங்கள் வீலைப் பார்க்காமல் சொல்ல முடியாது. காரணம், நீங்கள் கழுவுவது அலுமினியத்தை இல்லை. அலுமினியத்தின் மேல் இருக்கும் பூச்சைக் கழுவுகிறீர்கள். அந்தப் பூச்சு என்ன என்று தெரியாமல் எந்த பாட்டிலைத் திறந்தாலும் அது குருட்டு வைத்தியம்தான். பல வருடங்களாக வண்டிகளைக் கழுவி பாலிஷ் போடும் வேலையில் இருக்கிறேன். அழுக்கால் கெட்டுப்போன வீல்களைவிட, அழுக்கை எடுக்கப் போய்க் கெட்டுப்போன வீல்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தப் பழுப்பு என்ன என்று பார்ப்போம். பிரேக் மிதிக்கும்போது பேட், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிறது. டிஸ்க் வார்ப்பிரும்பு. பேடில் பிசின், கிராஃபைட், உலோக இழைகள் என்று பலதும் இருக்கும். இரண்டும் உரசும்போது இரண்டிலிருந்தும் பொடி உதிரும். ஆக, வீலில் படியும் பொடியில் கணிசமான பங்கு டிஸ்க்கிலிருந்து வந்த இரும்பு. கடுமையாக பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கின் சூடு பல நூறு டிகிரிக்குப் போகும். அந்தச் சூட்டோடு தெறிக்கும் நுண்ணிய இரும்புத் துகள் பூச்சின் மேல் உட்காருவதோடு நிற்காது, அதற்குள் பதிந்துகொள்ளும். பிறகு ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும் பொருள், எனவே பதிந்த இடத்திலேயே உப்பி, சுற்றியுள்ள பூச்சை நெம்பும். உங்கள் விரலில் உப்புத்தாள் போலத் தட்டுப்படுவது இதுதான். ஷாம்பு மேலே ஒட்டிய தூசியையும் எண்ணெயையும் எடுக்கும். உள்ளே ஆணி அடித்தது போல் நிற்கும் இரும்பை அதனால் அசைக்க முடியாது. நீங்கள் வாரம் தவறாமல் கழுவியும் போகாததற்குக் காரணம் உங்கள் சோம்பேறித்தனம் இல்லை.

முன் வீல்களில் மட்டும் அதிகமாக இருப்பதும் இயல்பு. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது, நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன் பிரேக்குகளே செய்கின்றன. நான்கில் ஒரே ஒரு வீல் மட்டும் மற்றதைவிட வெகுவாகக் கறுத்திருந்தால் கிளீனரைத் தேடாதீர்கள், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அந்தப் பக்கத்து காலிப்பர், அதாவது பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம், சரியாக விலகாமல் பேட் உரசிக்கொண்டே இருக்கலாம்.

இனி பூச்சு. கடையிலிருந்து வரும் பெரும்பாலான அலாய் வீல்களில் பெயின்ட் அடித்து அதன் மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கும், வண்டியின் பாடியில் இருப்பது போலவே. இவைதான் இருப்பதில் பொறுமைசாலிகள். டயமண்ட் கட் என்று சொல்லப்படுபவை வேறு ரகம். முகப்பை லேத்தில் கடைந்து பளபளப்பாக்கி, அதன் மேல் லாக்கர் என்ற மெல்லிய நிறமற்ற பூச்சு மட்டும் பூசியிருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பழைய இசைத்தட்டில் தெரிவது போல நெருக்கமான வட்டக் கோடுகள் தெரியும், ஸ்போக்குகளின் உட்பக்கம் கறுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கும். கடைந்த வழவழப்பில் பூச்சுக்குப் பிடிமானம் குறைவு. சரளைக்கல் பட்டு ஒரு புள்ளி பெயர்ந்தால் போதும், ஈரம் அதன் வழியாக உள்ளே நுழையும். பூச்சே இல்லாமல் வெறும் அலுமினியத்தை பாலிஷ் செய்தவையும் உண்டு, ஆனோடைஸ் செய்தவை (மின்சாரத்தால் ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்கியவை) உண்டு, குரோம் பூசியவை உண்டு. மேட் ஃபினிஷ் வீல்களைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால் அந்த இடம் எண்ணெய்க் கறை போலத் தனியாகத் தெரியும், திரும்ப மேட் ஆக்க முடியாது. இரும்பு வீலின் மேல் பிளாஸ்டிக் கப் மாட்டியிருந்தால் கவலையே இல்லை, கப்புக்கு ஷாம்பு போதும்.

வெறும் உலோகமா, பூச்சு உள்ளதா என்று கண்ணால் தெரியவில்லையென்றால் ஒரு சோதனை. வீலின் உள்வளைவில், வெளியே தெரியாத இடத்தில், சுத்தமாகக் கழுவித் துடைத்துவிட்டு, வெள்ளைத் துணியில் பட்டாணி அளவு மெட்டல் பாலிஷ் எடுத்து விரல் நுனியால் பத்துப் பதினைந்து முறை தேயுங்கள். துணி கரிபிடித்த பாத்திரத்தைத் துடைத்தது போலக் கறுத்தால் அது வெறும் அலுமினியம். கறுக்காமல் பாலிஷின் நிறத்திலேயே இருந்தால் மேலே பூச்சு இருக்கிறது. அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் நான் எந்தப் புது வீலையும் தொடுவதில்லை.

இப்போது பாட்டில்களுக்கு வருவோம். இரும்பை எடுக்கும் ஸ்ப்ரேயில், அதாவது அயர்ன் ரிமூவரில், வேலை செய்யும் பொருள் தயோகிளைகோலேட் என்ற உப்பு. அழகு நிலையங்களில் முடியைச் சுருட்டும் லோஷனிலும், ரோமம் நீக்கும் கிரீம்களிலும் இருப்பது இதே குடும்பம்தான். அந்த முட்டை அழுகியது போன்ற கந்தக வாடையும் அதனால்தான். இது பூச்சில் பதிந்த இரும்போடு சேர்ந்து தண்ணீரில் கரையும் ஒரு சேர்மமாக மாறுகிறது, அந்தச் சேர்மத்தின் நிறம்தான் ஊதா. அடித்ததும் முதல் அரை நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு ஸ்போக்கின் மூலைகளில் ஊசிமுனைப் புள்ளிகளாகக் கத்தரிப்பூ நிறம் எட்டிப் பார்க்கும். புள்ளி ஒவ்வொன்றும் கீழ்நோக்கி ஒரு கோடாக இறங்கும், கோடுகள் சேர்ந்து ரிம்மின் அடியில் ரத்தச் சிவப்பாகச் சொட்டும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் இரும்புத் துகள் இருந்த இடம். நல்ல அயர்ன் ரிமூவர்களின் பி.எச். நடுநிலையை ஒட்டியே இருக்கும் என்பதால் கிளியர் கோட்டை அரிக்காமல் இரும்பை மட்டும் பிடித்து இழுக்கிறது. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: பெயின்டும் கிளியர் கோட்டும் உள்ள சாதாரண அலாய் வீல் என்றால், இரண்டாமவர் சொன்னதை வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஊதா நிறத்தை அழுக்கின் அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீல் நட்டில் லேசாகத் துரு இருந்தாலும், பின்னால் டிஸ்க்கின் மேல் ஸ்ப்ரே பட்டாலும் நிறம் வந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் அங்கே இருப்பது முழுக்க இரும்பு. நிறம் நிற்கும்வரை அடிப்பேன் என்று கிளம்பினால் பாட்டில் காலியாகும், நிறம் நிற்காது. ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. அதோடு இந்த ஸ்ப்ரே எண்ணெயையோ தாரையோ எடுக்காது. அதனால்தான் ஷாம்பு போட்டுக் கழுவிய பிறகே இதை அடிக்க வேண்டும். மேலே சேறு இருந்தால் மருந்து இரும்பைத் தொடவே தொடாது.

ஆசிட் கிளீனர் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். பாஸ்பாரிக், ஆக்சாலிக் போன்ற அமிலங்கள் கலந்தவை உண்டு. அவை கடின நீரின் சுண்ணாம்புக் கறையையும் பழைய துருவையும் எடுப்பதில் கெட்டிக்காரத்தனமானவை, அனுபவமுள்ள கையில், நன்றாக உள்ள கிளியர் கோட்டின் மேல், ஒரு நிமிடம் பயன்படுத்தலாம். ஆனால் வேகமாக வெளுக்கும் சில கிளீனர்களில் இருப்பது ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் அல்லது அம்மோனியம் பைஃபுளூரைடு. இந்த இரண்டு பெயர்களையும் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். செறிவு குறைவாக இருக்கும்போது கையில் பட்டால் உடனே எரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும், அதற்குள் அது தோலைத் தாண்டி உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு. அதற்குரிய மருந்து கால்சியம் குளுக்கோனேட் ஜெல், அது வீட்டு முதலுதவிப் பெட்டியில் இருக்காது. ஒரு வீலின் பளபளப்புக்காக இவ்வளவு ஆபத்தை எவரும் ஏற்கத் தேவையில்லை.

வீலுக்கு என்ன ஆகும் என்றும் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பர் தன் வண்டியைக் கொண்டுவந்தார். டயமண்ட் கட் வீல். ஓரிடத்தில் கழுவக் கொடுத்திருக்கிறார், அவர்கள் வெயிலில் சூடாக நின்ற வீலில் எதையோ அடித்து, மற்ற மூன்றையும் முடித்துவிட்டு வந்து அலசியிருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது முதலில் அடித்த அந்த வீலின் விளிம்பில் பால் சிந்திக் காய்ந்தது போல ஒரு வெண்மங்கல், மேலிருந்து கீழே வழிந்த தடத்தோடு. தண்ணீர் பட்டால் மறையும், காய்ந்தால் திரும்ப வரும். நகத்தால் கீறினால் ஒன்றும் தட்டுப்படவில்லை, கறை லாக்கருக்கு உள்ளே இருந்தது. சில மாதங்களில் அந்த விளிம்பிலிருந்து லாக்கருக்கு அடியில் மண்புழு ஊர்ந்தது போல வெள்ளைக் கோடுகள் கிளம்பின. அலுமினியம் உள்ளுக்குள் அரிக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அதற்கு எந்த பாட்டிலிலும் மருந்து கிடையாது. லாக்கரை முழுவதும் எடுத்து, திரும்பக் கடைந்து, திரும்பப் பூச வேண்டும்.

“ஆசிட் ஃப்ரீ” என்று எழுதியிருந்தால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். சோடியம் ஹைட்ராக்சைடும் ஆசிட் இல்லாததுதான். காரம் மிகுந்த கிளீனர்கள் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுக்கும், ஆனால் வெறும் அலுமினியத்தையும் ஆனோடைஸ் பூச்சையும் அமிலத்துக்குச் சளைக்காமல் கெடுக்கும். ஆகவே பாட்டிலின் முன்பக்க வாசகத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரு கையின் மேலும் உலோகத்தின் மேலும் திரவம் சொட்டி அரிப்பது போன்ற படம் சிவப்புச் சாய்சதுரக் கட்டத்துக்குள் இருந்தால் அது அரிக்கும் பொருள் என்று அர்த்தம். தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் தளத்தில் சேஃப்டி டேட்டா ஷீட்டை, அதாவது பொருளின் பாதுகாப்புத் தகவல் தாளை, போட்டிருப்பார்கள். அதில் 16 பகுதிகள் இருக்கும், எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. 2-வது பகுதியில் ஆபத்து, 3-வதில் கலவை, 9-வதில் பி.எச். அளவு. ஐந்து நிமிடத்தில் விளம்பரம் சொல்லாததெல்லாம் தெரிந்துவிடும்.

தார் புள்ளிகளுக்கு தார் ரிமூவர் தனியாக வேண்டும். அதைத் துணியில் நனைத்துப் புள்ளியின் மேல் ஒரு நிமிடம் ஒற்றிவைத்தால் தார் இளகித் துணியில் வந்துவிடும், பிறகு அந்த இடத்தை ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் தாரை எடுக்கும்தான், ஆனால் ரப்பரை ஊறவைக்கும், தீப்பிடிக்கும், எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். பிரேக்குக்கு ஒரு சாண் தூரத்தில் எண்ணெயை ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வாங்கியாயிற்று, இனி கழுவும் விதம். வீல் ஆறியிருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓட்டி வந்த உடனே கழுவக் கூடாது. புறங்கையை ஸ்போக்கின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள், அனல் அடிக்காவிட்டால் தொடுங்கள், கதகதப்புகூட இல்லாதபோதுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். சூடான வீலில் எந்த மருந்தும் நொடியில் காய்ந்து, காய்ந்த இடத்தில் செறிவாகிக் கறையாக நிற்கும். சூடான டிஸ்க்கின் மேல் குளிர்ந்த தண்ணீரை வாரி அடிப்பதும் டிஸ்க்குக்கு நல்லதில்லை. இடம் நிழலாக, காற்றோட்டமாக இருக்கட்டும். நைட்ரில் கையுறை, கண்ணாடி இரண்டும் அவசியம். ஸ்போக்குக்கு நடுவில் பிரஷை இழுத்துவிட்டால் அது தெறிப்பது நேராக முகத்தில்தான்.

வண்டி முழுவதையும் கழுவுகிறீர்கள் என்றால் வீலில் ஆரம்பியுங்கள். பாடியை முதலில் கழுவினால், வீல் கழுவும்போது தெறிக்கும் கறுப்புத் தண்ணீர் திரும்பவும் கதவில் படும், அதற்குள் பாடியில் தண்ணீர் காய்ந்து திட்டுத்திட்டாகிவிடும். வீலுக்கென்று தனி வாளி, தனித் துணி, தனி பிரஷ். இரும்புப் பொடி புகுந்த துணியால் பானெட்டைத் துடைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் வீல் வாளியில் கறுப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், அவசரத்திலும் மாறிப்போகாமல் இருக்க.

ஒரு நேரத்தில் ஒரு வீல். நான்குக்கும் அடித்துவிட்டு வந்தால் நான்காவதை முடிப்பதற்குள் முதலாவது காய்ந்துவிடும், அந்த நண்பரின் வீலுக்கு நடந்தது அதுதான். முதலில் வெறும் தண்ணீரால் நன்றாக அலசுங்கள். பிரேக் பொடியைக் காய்ந்த நிலையில் தட்டாதீர்கள், கம்ப்ரசர் காற்றால் ஊதவே ஊதாதீர்கள். அந்த நுண்பொடி நுரையீரலுக்குள் போகக் கூடாதது, அதிலும் பழைய வண்டிகளின் பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். பிரஷர் வாஷர் வைத்திருந்தால் டயரின் பக்கச் சுவரிலிருந்து குறைந்தது 30 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள், ஊசிபோல் பாயும் நாசிலையோ சுழலும் நாசிலையோ டயருக்குக் காட்டாதீர்கள்.

அடுத்து டயர். பிரஷில் ஷாம்பு தோய்த்து டயரைத் தேய்த்தால் நுரை தேநீர் நிறத்தில் வரும். டயரில் வெடிப்பு விழாமல் இருக்க ரப்பரில் கலக்கும் பாதுகாப்புப் பொருள் மெல்ல மேலே கசிந்து, காற்றுபட்டுப் பழுப்பாகிறது, அதுதான் இந்த நிறம். நுரை ஓரளவு வெள்ளையாகும்வரை தேய்த்து அலசிவிட்டு வீலுக்கு வாருங்கள். டயரைப் பிறகு வைத்துக்கொண்டால் அந்தப் பழுப்புநீர் கழுவிய வீலில் வழியும்.

வீலுக்கு ஷாம்புத் தண்ணீர், மென்மையான துணி. முகப்பு, ஸ்போக்கின் பக்கங்கள், பிறகு கைவிரல் போகாத உள்பகுதி. உள்ளே நுழைய, கம்பி வெளியே தெரியாத, நீளமான பஞ்சுத் தண்டு போன்ற பிரஷ் வாங்குங்கள். கம்பி முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மலிவு பிரஷ் ஒரே நாளில் போடும் கீறல் ஆயுசுக்கும் போகாது. நட்டுக்குழிகளுக்கு மென்மயிர் பிரஷ். ஸ்டீல் நார் வேண்டவே வேண்டாம், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் அப்படியே. உள்பக்கம் தேய்க்கும்போது பிரேக் ஹோஸையும் சென்சார் ஒயரையும் பிரஷ் இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்பகுதியில் இன்னொன்றும் உண்டு. ரிம்மின் உள்சுவரில் சின்னச் சின்னச் சதுரங்களாக ஒட்டியிருப்பவை பேலன்சிங் வெயிட், வீல் நடுங்காமல் சுற்றுவதற்காக ஒட்டும் எடைத்துண்டுகள். அழுக்கென்று நினைத்து அவற்றைக் கம்பியால் நெம்பி எடுத்தவரைப் பார்த்திருக்கிறேன். பசையில் நிற்பவை அவை, நேரடியாக பிரஷர் அடித்தாலும் தார் ரிமூவர் ஊறினாலும் கழன்றுவிடும். கழுவிய அடுத்த நாள் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் அங்கே பாருங்கள். வெயிட் இருந்த இடத்தில் பசைத்தடம் மட்டும் இருந்தால் பேலன்சிங் செய்ய வேண்டும். வெயிட் சரியாக இருந்தும் நடுங்கினால், உள்ளே ஓரிடத்தில் சேறு கட்டியாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் இதே நடுக்கத்தைக் கொடுக்கும்.

அலசி, தண்ணீர் வடிந்த பிறகு அயர்ன் ரிமூவர். மருந்து நீர்த்துப்போகாத அளவுக்குத் தண்ணீரை உதறிவிடுங்கள். கீழிருந்து மேலாகச் சீராக அடித்து, பாட்டிலில் எழுதியிருக்கும் நேரம், பொதுவாக 3 முதல் 5 நிமிடம், விடுங்கள். அந்த நேரத்தில் அப்பால் போகாதீர்கள். எங்காவது காய்வது போலிருந்தால் நிமிடக் கணக்கைப் பார்க்காமல் அலசிவிடுங்கள். நடுவில் மென்மையான பிரஷால் ஒரு முறை கலைத்துவிட்டால் மருந்து மூலைகளுக்கும் போகும். பிறகு தாராளமாகத் தண்ணீர், ஸ்போக்கின் பின்பக்கம், நட்டுக்குழி, டிஸ்க் எல்லாவற்றுக்கும். ஒரு மருந்தை முழுவதும் அலசாமல் அடுத்ததை அடிக்கவே கூடாது. அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மற்ற கலவைகளையும் வீட்டு வாசலில் வைத்துச் சோதிக்க வேண்டாம்.

வெறும் அலுமினியம், குரோம், ஆனோடைஸ் ஆகியவற்றுக்கு இந்த வரிசையில் அயர்ன் ரிமூவரைச் சேர்க்க நான் அவசரப்பட மாட்டேன். ஷாம்புவில் அடிக்கடி கழுவுவதே அவற்றுக்கு வைத்தியம். கட்டாயம் தேவைப்பட்டால் தெரியாத இடத்தில் கொஞ்சம் அடித்து, ஒரு நிமிடத்தில் அலசி, காயவைத்துப் பார்த்த பிறகே முன்பக்கம்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்றும் பாருங்கள். பிரேக் பொடியில் உள்ள செம்பு நீர்நிலைகளில் மீன்களுக்கு நஞ்சு. அமெரிக்காவில் கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்கள் 2010-லேயே இதற்காகச் சட்டம் கொண்டுவந்தன. கலிஃபோர்னியாவில் 2025 முதல் விற்கும் பேடில் செம்பு எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம்மால் முடிந்தது, மருந்துத் தண்ணீர் மழைநீர்க் கால்வாய்க்கும் கிணற்றடிக்கும் போகாத இடத்தில் வண்டியை நிறுத்துவது.

துடைப்பதற்குத் தனி மைக்ரோஃபைபர் துணி. கடின நீர் என்றால் துடைக்காமல் விடவே கூடாது, காய்ந்த துளி ஒவ்வொன்றும் சுண்ணாம்பு வட்டமாக நிற்கும். துடைத்ததும் வண்டியை அப்படியே ஓரங்கட்டி ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஈரமான பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். சில நூறு மீட்டர் மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை இதமாக பிரேக் பிடித்து ஈரத்தை ஓட்டுங்கள். முதல் மிதியில் பிடிமானம் கொஞ்சம் குறைவாகத் தெரியலாம், அதனால் முன்னால் யாரும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். மறுநாள் டிஸ்க்கில் ஆரஞ்சு நிறத் துரு தெரிந்தால் பதற வேண்டாம், சில தடவை பிரேக் பிடித்ததும் போய்விடும்.

வீல் சுத்தமாக இருக்கும் இந்த நாளில்தான் பாதுகாப்புப் பூச்சு போட வேண்டும். பாடிக்குப் போடும் கர்னாபா மெழுகு 82 முதல் 86 டிகிரி செல்சியஸில் உருகுவது, பிரேக் சூட்டுக்குப் பக்கத்தில் அது வெகுநாள் நிற்காது. வீலுக்கென்று செயற்கை சீலன்ட் உண்டு, அதைவிட நீடிப்பது செராமிக் கோட்டிங். எதுவானாலும் ஈரமும் எண்ணெயும் துளியும் இல்லாத மேற்பரப்பில், மெல்லியதாகப் பூசி, பாட்டிலில் சொன்ன நேரம்வரை தண்ணீர் படாமல் வைக்க வேண்டும். இரும்புத் துகள் அதன் பிறகும் வந்து விழும். ஆனால் பூச்சின் மேல் விழுவதால் ஆழமாகப் பதியாது, பெரும்பகுதி ஷாம்புவிலேயே போய்விடும். என் சொந்த வண்டிக்கு வாரம் ஒரு ஷாம்பு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அயர்ன் ரிமூவர், அவ்வளவுதான். டயர் பாலிஷ் பிடிக்குமென்றால் தண்ணீர் சார்ந்ததாக வாங்கி, ஸ்பாஞ்சில் எடுத்துப் பக்கச் சுவரில் மட்டும் மெல்லப் பூசுங்கள். சாலையைத் தொடும் பகுதியிலும் டிஸ்க்கிலும் ஒரு சொட்டும் படக் கூடாது.

உங்கள் வீலுக்கு ஒன்றரை வருடப் படிவு இருக்கிறது. முதல் நாளே எல்லாம் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்த வாரம் ஒரு சுற்று, அடுத்த வாரம் ஒரு சுற்று. அதன் பிறகும் சொரசொரப்பு மிஞ்சினால் ஷாம்புத் தண்ணீரை வழுக்கலுக்கு விட்டுக்கொண்டு கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டியால் அழுத்தாமல் தேயுங்கள், மிச்சத் துகள்கள் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு வரும். வீலுக்குப் பயன்படுத்திய கிளே துண்டு திரும்ப பாடிக்குப் போகக் கூடாது. அதற்கும் போகாத பழுப்புப் புள்ளியை நகத்தால் தடவிப் பாருங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் இன்னும் துகள் இருக்கிறது, பொறுமையாக இன்னொரு சுற்று பார்க்கலாம். குழியாகத் தட்டுப்பட்டால் அங்கே கிளியர் கோட் போய்விட்டது. அந்த இடத்தில் இனி எந்த கிளீனரையும் அடிக்காமல், ஈரம் உள்ளே இறங்குவதற்குள் வீல் பெயின்ட் செய்பவரிடம் காட்டிவிடுங்கள்.